மின்சார கார்: தரம், நம்பகம், பேட்டரி ஆயுள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார கார் என்று பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "எட்டு வருஷத்தில் பேட்டரி செத்துப்போகும், அதோடு காரும் போச்சு" என்கிறது ஒரு தரப்பு. "பழுது என்ற பேச்சுக்கே இடமில்லை, பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்கிறது இன்னொன்று. இரண்டு தரப்பும் கையில் ஏதோ ஒரு புள்ளிவிவரத்தோடுதான் வருகின்றன. அந்தப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் தரம் வேறு, நம்பகம் வேறு, பேட்டரி ஆயுள் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் சண்டை ஓய்வதே இல்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி தேய்ந்துபோகும் என்ற பயம் தேவைக்கு அதிகமாக இருக்கிறது. பேட்டரியைச் சுற்றியுள்ள மற்ற பாகங்களைப் பற்றியும், பழுதானால் யார் சரிசெய்வார்கள் என்பதைப் பற்றியும் இருக்கவேண்டிய பயம் போதுமான அளவு இல்லை.

மின்சார கார் நம்பகமானதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தையில் முடியாது. ஏன் என்று பார்க்க இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கார் உரிமையாளர்களிடம் கேட்டு ஒரு கணக்கு வெளியிடுகிறது. பெட்ரோல் கார்களைவிட மின்சார கார்களில் 79 சதவீதம் அதிகப் பிரச்சினைகள் என்றது 2023 அறிக்கை. 2024-இல் அது 42 சதவீதமாகக் குறைந்தது. ஜெர்மனியின் மோட்டார் சங்கமான ஏடிஏசி வேறொரு கணக்கு வைத்திருக்கிறது: சாலையில் நின்றுபோன கார்களுக்கு உதவி வண்டி அனுப்பிய கணக்கு. 2020 முதல் 2022 வரை பதிவான கார்களை எடுத்துக்கொண்டால், 2024-இல் ஆயிரம் மின்சார கார்களுக்கு 4.2 முறை உதவி தேவைப்பட்டது. எஞ்சின் கார்களுக்கு 10.4 முறை.

எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. திரை உறைந்துபோனது, கதவுக் கைப்பிடி வெளியே வரவில்லை, சார்ஜ் பாதியில் நின்றது, உள்ளே ஏதோ கிறீச்சிடுகிறது என்று உரிமையாளர் சலித்துக்கொள்வதையெல்லாம் முதல் கணக்கு சேர்த்துக்கொள்கிறது. கார் நடுவழியில் நின்றதா என்பதை மட்டுமே இரண்டாவது கணக்கு பார்க்கிறது. ஆக, இன்றைய மின்சார கார் உங்களை அடிக்கடி எரிச்சல்படுத்தும். ஆனால் அபூர்வமாகத்தான் தெருவில் விட்டுவிட்டுப் போகும். எரிச்சலும் ஒரு குறைதான், அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதைக் காட்டி "நம்பி ஏற முடியாது" என்பது பொருந்தாத வாதம்.

இன்னொன்று: கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கணக்கில் மிக மோசமாக வந்தவை பிளக்-இன் ஹைபிரிட் கார்கள், அதாவது எஞ்சினோடு, வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ளவை. 2023-இல் அவற்றுக்கு 146 சதவீதம் அதிகப் பிரச்சினைகள். சாதாரண ஹைபிரிட்கள் பெட்ரோல் கார்களைவிடவே நன்றாக வந்தன. மின்சாரம் சேர்ந்தாலே தொல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கடைசி வரியைக் காட்டலாம்.

அப்படியானால் உண்மையில் எதுதான் பழுதாகிறது?

முதல் குற்றவாளி யார் தெரியுமா? பழைய 12 வோல்ட் பேட்டரி. தரையடியில் இருக்கும் அந்தப் பெரிய பேட்டரி இல்லை. பெட்ரோல் காரில் காலங்காலமாக இருந்துவருகிற அதே சின்னப் பெட்டி. ஏடிஏசி கணக்கில் மின்சார கார்கள் நின்றுபோனதற்கு ஏறக்குறைய பாதிக் காரணம் அதுதான். பெரிய பேட்டரி நிறைந்திருக்கும், ஆனால் கதவைத் திறக்கவும் கணினியை எழுப்பவும் பெரிய பேட்டரியின் இணைப்பைச் சேர்க்கவும் அந்த 12 வோல்ட் வேண்டும். அது படுத்தால் எல்லாம் படுத்தது. கார் நிறுத்தியிருக்கும்போதும் செயலியோடு பேசிக்கொண்டே, கேமராவை ஓட்டிக்கொண்டே இருந்தால் அது சீக்கிரம் தேய்கிறது.

அடுத்தது, மின்சாரத்தை மாற்றித் தரும் கருவிகள். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 போன்ற கார்களில் இந்த வேலைகளைச் செய்யும் ஒருங்கிணைந்த சார்ஜிங் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் வராமல், ஓடும்போதே சக்தி குறைந்துபோன புகார்கள் வந்தன. 2024-இல் பெரிய அளவில் ரீகால் அறிவித்தார்கள், அதாவது விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் காருக்கும் நடுவில் இருந்த பெட்டிதான் காலை வாரியது. நடந்த பழுதுகளில் நிறைய இந்த ரகம்.

அப்புறம் சாதாரண இயந்திரச் சமாச்சாரங்கள். ஜெர்மனியில் வாகனச் சோதனை நடத்தும் அமைப்பான டியூஃபின் 2024 அறிக்கையில், இரண்டு மூன்று வருட வயதுள்ள 111 மாடல்களில் டெஸ்லா மாடல் 3 கடைசி இடம். சோதனைக்கு வந்தவற்றில் 14.7 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க குறைகள். என்ன குறைகள்? சஸ்பென்ஷன், பிரேக், விளக்கு. அதாவது எடை அதிகமான காரின் கீழ்ப்பகுதி தேய்ந்திருந்தது, யாரும் நடுவில் தூக்கிப் பார்க்கவில்லை. "சர்வீஸே தேவையில்லை" என்ற விளம்பரத்தை உரிமையாளர்கள் அப்படியே நம்பினால் இதுதான் கதி.

பிரேக் பற்றி ஒரு வரி. வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதால் பிரேக் பேட் மிகக் குறைவாகவே தேய்கிறது. நல்லதுதான். ஆனால் பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும். அவ்வப்போது வேண்டுமென்றே அழுத்திப் பிரேக் போட்டுவிடுவது நல்லது.

"மோட்டாரில் நகரும் பாகங்களே கொஞ்சம்தான், அதனால் பழுதே வராது" என்கிறார்களே?

முதல் பாதி உண்மை. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கிளட்ச் இல்லை, புகைக்குழாய் இல்லை, எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை. இருந்தாலும் பேரிங் இருக்கிறது, குறைப்பு கியர் இருக்கிறது, குளிரூட்டும் திரவத்தை அடைக்கும் சீல் இருக்கிறது. 2012-ஐ ஒட்டிய டெஸ்லா மாடல் எஸ் கார்களில் மோட்டார் பகுதி இரைச்சல் போட ஆரம்பித்து, வாரண்டியில் மொத்தமாக மாற்றிக் கொடுத்த சம்பவங்கள் ஏராளம். பாகங்கள் குறைவு என்றால் பழுதாகும் இடங்கள் குறைவு, அவ்வளவுதான்.

சரி, பேட்டரி எத்தனை வருடம் வரும்?

பெரும்பாலான கார்களில், கார் இருக்கும்வரை வரும். இதைத் துணிந்து சொல்லக் காரணம், இப்போது சாலையிலிருந்தே நிறையத் தரவு வந்துவிட்டது.

வாகனக் கண்காணிப்பு நிறுவனமான ஜியோடாப் 2024-இல் சுமார் 10,000 மின்சார வாகனங்களின் தரவை அலசியது. சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 1.8 சதவீதம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அவர்களே கொடுத்த எண் 2.3. பின்னர் 22,000-க்கும் மேற்பட்ட வாகனங்களைப் பார்த்தபோது மறுபடி 2.3-க்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் 20 சதவீதம் போகும். ஒரு சார்ஜில் 400 கிலோமீட்டர் ஓடிய கார் 320 ஓடும். இழப்புதான், ஆனால் "செத்துப்போகும்" என்ற சொல்லுக்கு இது அருகில்கூட வரவில்லை.

கார் உற்பத்தியாளர் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், டெஸ்லா தன் அறிக்கையில் மாடல் எஸ், எக்ஸ் கார்கள் 2 லட்சம் மைல், அதாவது சுமார் 3.2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சராசரியாக 12 சதவீதம் இழந்திருப்பதாகச் சொல்கிறது. சாலைத் தரவும் அதற்கு முரணாக இல்லை.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2025 ஜனவரியில் நேச்சர் எனர்ஜி இதழில் வந்த ஓர் ஆய்வு. பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்குக் கட்டாயமான ஆண்டுச் சோதனையின் சுமார் 30 கோடிப் பதிவுகளை எடுத்து, எந்த ரகக் கார் எத்தனை ஆண்டு சாலையில் நீடிக்கிறது என்று கணக்கிட்டார்கள். பெட்ரோல் கார் 18.7 ஆண்டு, மின்சார கார் 18.4, டீசல் 16.8. ஓடிய தூரத்தில் மின்சார கார் சுமார் 2 லட்சம் கிலோமீட்டரோடு பெட்ரோலை முந்தியது. கணக்கில் இருந்த மின்சார கார்களில் பல ஆரம்பகாலத் தயாரிப்புகள் என்பதையும் மனதில் வையுங்கள்.

என் மொபைல் போன் பேட்டரி மூன்று வருடத்தில் படுத்துவிடுகிறதே. அதே லித்தியம்தானே?

அதே குடும்பம்தான், வாழ்க்கைதான் வேறு. போனை ஏறக்குறைய தினமும் ஒரு முழுச் சுற்று சார்ஜ் செய்கிறோம். மூன்று ஆண்டில் ஆயிரம் சுற்று. 60 கிலோவாட்-மணி பேட்டரியோடு 360 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஆயிரம் சுற்று என்றால் 3.6 லட்சம் கிலோமீட்டர். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது இருபத்து நான்கு ஆண்டுப் பயணம்.

தவிர, போனுக்குக் குளிரூட்டி கிடையாது. கார் பேட்டரிக்குள் இருக்கும் சிறு அலகுகளான செல்களுக்குப் பக்கத்தில் திரவம் ஓடுகிறது. போன் நூறு சதவீதம் என்றால் செல் தாங்கும் உச்சத்துக்கே ஏற்றுகிறார்கள். கார் தயாரிப்பாளர்கள் மேலேயும் கீழேயும் கொஞ்சம் ஒதுக்கி மறைத்து வைக்கிறார்கள். திரையில் பூஜ்யம் என்று காட்டும்போதும் செல் உண்மையில் காலியாவதில்லை.

தேய்மானம் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

இரண்டு விதமாக வயதாகிறது. ஒன்று, சும்மா இருந்தாலே ஆகும் வயது. கிராஃபைட் முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. முதல் சார்ஜிலேயே அது உருவாகித்தான் ஆக வேண்டும். அதுதான் செல்லைக் காக்கும் தோல். ஆனால் அது மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது, அப்படித் தடிக்கும்போதெல்லாம் பயன்பட வேண்டிய லித்தியத்தில் கொஞ்சத்தை விழுங்குகிறது. வெப்பம் அதிகமானால் வேகமாகத் தடிக்கும். சார்ஜ் உச்சத்திலேயே நின்றாலும் வேகமாகத் தடிக்கும். இரண்டும் சேர்ந்தால், அதாவது நூறு சதவீதம் ஏற்றிச் சுடுவெயிலில் வாரக்கணக்கில் நிறுத்தினால், ஓட்டாமலேயே பேட்டரிக்கு வயதாகும்.

இரண்டாவது, ஓட்டுவதால் ஆகும் வயது. சார்ஜ் ஏறும்போது முனைகள் உப்புகின்றன, இறங்கும்போது சுருங்குகின்றன. துகள்களில் விரிசல் விழுகிறது, விரிசலில் புதுப் படலம் படிகிறது. முழுதாகக் காலி செய்து முழுதாக நிரப்பினால் இந்த உப்பல் அதிகம். நடுவில் கொஞ்சம் ஏற்றிக் கொஞ்சம் இறக்கினால் குறைவு.

படலம் ஆரம்பத்தில் வேகமாக வளர்ந்து பிறகு நிதானமாவதால், முதல் ஒன்றிரண்டு ஆண்டில் இழப்பு கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அப்புறம் மெதுவாகிவிடும். புதுக் காரில் முதல் வருடம் 4, 5 சதவீதம் போனதைப் பார்த்து, "இப்படியே போனால் பத்து வருஷத்தில் பாதிதான் மிஞ்சும்" என்று கணக்குப் போடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆய்வகச் சோதனைகளும் ஒரு விதத்தில் பயமுறுத்திவிட்டன. அங்கே ஒரே அளவு மின்னோட்டத்தில் நாள் முழுக்க இறக்கி ஏற்றுவார்கள். நிஜத்தில் ஓட்டும்போது முடுக்குகிறோம், நிறுத்துகிறோம், சும்மா நிற்கிறோம். ஸ்டான்ஃபோர்டும் ஸ்லாக் ஆய்வகமும் 92 செல்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சோதித்து 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வின்படி, நிஜ ஓட்டத்தைப் போல ஏற்ற இறக்கத்தோடு பயன்படுத்திய செல்கள், ஒரே சீராகப் பயன்படுத்தியவற்றைவிட 38 சதவீதம் வரை அதிகம் உழைத்தன.

நிஸான் லீஃப் கார்களின் பேட்டரி சீக்கிரமே போனதே? அது பொய்யா?

அது முழு உண்மை. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் பயத்தின் ஊற்றே அதுதான்.

லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 24 கிலோவாட்-மணி பேட்டரி. அதைக் குளிர்விக்க திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள். மிதமான குளிர் இடங்களில் ஓரளவு தாங்கியது. அமெரிக்காவின் அரிசோனா மாதிரிப் பாலைவன வெப்பத்தில் ஒன்றிரண்டு ஆண்டிலேயே திரையில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. வழக்கு வரை போனது. கடைசியில் 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கட்டத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று நிஸான் உறுதி கொடுத்தது. ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் அது பொருந்தியது. வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் வேதியியலோடு 2015 மாடல் வந்தது.

அதே காலத்தில் வந்த டெஸ்லா மாடல் எஸ் பேட்டரியில் திரவக் குளிரூட்டல் இருந்தது. அவற்றுக்கு இந்தக் கதி வரவில்லை. ஆகவே "பழைய மின்சார கார்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசக் கூடாது. குளிரூட்டல் எப்படி என்பதுதான் முதல் கேள்வி. இன்று வரும் கார்களில் திரவக் குளிரூட்டல் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. காற்றில் ஆறவிடும் மலிவு மாடல் கண்ணில் பட்டால், வெப்பமான இடத்தில் இருப்பவர் ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

மின்சார கார் பேட்டரிகளைக் கண்காணிக்கும் ரிகரன்ட் என்ற நிறுவனம் தொகுத்த தரவிலும் இந்தத் தலைமுறை இடைவெளி அப்படியே தெரிகிறது. ரீகால்களைத் தவிர்த்துப் பார்த்தால், பழைய தலைமுறைக் கார்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். 2016-இலிருந்து வந்தவற்றில் அது 1 சதவீதத்துக்கும் கீழே.

ஃபாஸ்ட் சார்ஜிங் பேட்டரியைக் கெடுக்குமா?

இங்கே தரவே சண்டை போடுகிறது. ரிகரன்ட் 2023-இல் 12,000-க்கும் மேற்பட்ட டெஸ்லாக்களைப் பார்த்தபோது, பெரும்பாலும் ஃபாஸ்ட் சார்ஜ் செய்தவற்றுக்கும் அபூர்வமாகச் செய்தவற்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஜியோடாப் கடைசியாகப் பார்த்தபோது, 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜரையே நம்பியிருந்த வாகனங்கள் ஆண்டுக்கு 3 சதவீதம் வரை இழந்தன. மெதுவாகச் சார்ஜ் செய்தவை 1.5 சதவீதம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இது: நீண்ட பயணத்தில் வேகமாகச் சார்ஜ் செய்வதைப் பற்றிக் கவலையே வேண்டாம். தினமும் அதையே நம்பி ஓட்டும் வாடகை வண்டிக்கு விலை உண்டு. உண்மையில் ஆபத்தானது, உறையும் குளிரில் பேட்டரி சூடாகாமல் வேகமாக ஏற்றுவது. அப்போது லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். இதைத் தடுக்கத்தான் காரின் கணினி குளிரில் சார்ஜ் வேகத்தைக் குறைக்கிறது. "குளிர்காலத்தில் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் பல நேரம் பேட்டரி தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளம்.

80 சதவீதமா, 100 சதவீதமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உங்கள் பேட்டரி எந்த வகை என்பதைப் பொறுத்தது.

நிக்கல் கலந்த வகை, அதாவது என்எம்சி அல்லது என்சிஏ என்றால், தினசரிக்கு 80 போதும். பயணத்துக்கு முன் 100 ஏற்றிவிட்டு உடனே கிளம்புங்கள். தப்பே இல்லை. ஏற்றிவிட்டு நிறுத்தி வைப்பதுதான் தப்பு.

இரும்பு பாஸ்பேட் வகை, அதாவது எல்எஃப்பி என்றால், அவ்வப்போது 100 ஏற்றச் சொல்லி உற்பத்தியாளரே கையேட்டில் எழுதியிருப்பார். டெஸ்லா வாரம் ஒரு முறை என்கிறது. காரணம் ஆயுள் இல்லை, அளவீடு. இந்த வகையில் சார்ஜ் இருபதானாலும் எழுபதானாலும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். எவ்வளவு மிச்சம் என்று கணினிக்கே சரியாகத் தெரியாது. உச்சத்தைத் தொட்டால்தான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். செய்யாமல் விட்டால் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கார் திடீரென்று நிற்கலாம். மற்றபடி எல்எஃப்பிக்கும் உச்சத்திலேயே நிற்பது பிடிக்காது. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு செய்த ஆய்வுகள் அதைத்தான் காட்டின. ஆனால் எல்எஃப்பி ஆயிரக்கணக்கான சுற்று தாங்கும் என்பதால் அந்தக் கொஞ்ச இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதற்கு மேல் சதவீதத்தை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கார் நமக்காகத்தான்.

குளிரில் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், பாதியாகிறது என்கிறார்கள். பேட்டரி கெட்டுவிட்டதா?

இல்லை, அது தற்காலிகம். அமெரிக்க மோட்டார் சங்கம் ஏஏஏ 2019-இல் சோதித்தபோது, சுமார் மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டரும் போட்டால் ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. 35 டிகிரி வெப்பத்தில் ஏசியோடு 17 சதவீதம். இரண்டிலும் பெரும்பகுதி, உள்ளே இருப்பவர்களைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ செலவானது.

வேடிக்கை என்னவென்றால், ரேஞ்சைக் குறைக்கும் குளிர் ஆயுளுக்கு நல்லது. ரேஞ்சை அவ்வளவாகத் தொடாத வெப்பம்தான் ஆயுளைத் தின்கிறது. குளிர் நாட்டுக்காரர் அதிகம் புலம்புவார், வெப்ப நாட்டுக்காரர் அதிகம் இழப்பார்.

எட்டு ஆண்டு வாரண்டி என்றால் ஒன்பதாம் ஆண்டு பேட்டரி போய்விடும் என்றுதானே அர்த்தம்?

எஞ்சினுக்கு மூன்றாண்டோ ஐந்தாண்டோ வாரண்டி கொடுக்கிறார்கள். அது முடிந்த மறுநாள் எஞ்சின் போய்விடும் என்று யாரும் சொல்வதில்லையே.

பரவலாகக் கிடைப்பது 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதக் கொள்ளளவாவது மிஞ்சும் என்ற உறுதி. ஐ.நா.வின் கீழ் 2022-இல் ஏற்ற உலகத் தொழில்நுட்ப விதி எண் 22-இலும் கிட்டத்தட்ட இதே எல்லைதான்: 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டரில் 80 சதவீதம், 8 ஆண்டு அல்லது 1.6 லட்சத்தில் 70 சதவீதம். இது குறைந்தபட்சம்.

ஆனால் வாரண்டித் தாளை முழுதாகப் படியுங்கள். 71 சதவீதத்தில் நிற்கும் பேட்டரிக்கு ஒன்றும் கிடைக்காது. 69-க்கு இறங்கினாலும் புதுப் பேட்டரி தருவோம் என்று பலர் சொல்வதில்லை. 70-க்கு மேலே கொண்டுவந்து தருவோம் என்பார்கள், அது பழுதுபார்த்த பேட்டரிப் பேக்காகவும் இருக்கலாம். அடிப்பகுதியில் கல் மோதியதும் தண்ணீர் புகுந்ததும் பெரும்பாலும் காப்பீட்டின் கணக்கு, வாரண்டியில் வராது.

பேட்டரி தேய்வதில்லை என்றால் ரீகால்கள் ஏன்?

தேய்மானம் வேறு, உற்பத்திக் கோளாறு வேறு. செவர்லே போல்ட் கார்கள் சில தீப்பிடித்தன. எல்ஜி செய்த செல்களில், கிழிந்த மின்முனைத் துண்டும் மடிந்த பிரிப்புத் தாளும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்தால் தீ மூளும் என்று கண்டுபிடித்தார்கள். 2021 ஆகஸ்ட் வாக்கில் 2017 மாடல் முதல் அதுவரை செய்த எல்லாப் போல்ட்களும், ஏறத்தாழ 1.4 லட்சம் கார்கள், ரீகாலுக்கு வந்தன. அதே 2021-இல் ஹூண்டாய், கோனா உள்ளிட்ட சுமார் 82,000 வாகனங்களின் பேட்டரியை மாற்ற முன்வந்தது. அதுவும் எல்ஜி செல்தான்.

இப்படிப்பட்ட கோளாறு பெரும்பாலும் ஆரம்ப ஆண்டுகளிலேயே தலைகாட்டும். எல்லாக் கார்களையும் சமமாகத் தாக்காது. புது மாடலின் முதல் ஆண்டுத் தயாரிப்பை வாங்காமல் இருப்பது பழைய புத்திமதி. மின்சார காருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

தீ?

அபூர்வம், ஆனால் வந்தால் அணைப்பது கஷ்டம். சுவீடனின் பேரிடர் முகமை 2022-க்குக் கொடுத்த கணக்கில் லட்சம் மின்சார கார்களுக்கு 3.8 தீ, எல்லா எரிபொருள் கார்களையும் சேர்த்தால் லட்சத்துக்கு 68. மின்சார கார்கள் புதியவை என்பதால் இந்த ஒப்பீட்டில் அவற்றுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பேட்டரி பற்றிக்கொண்டால் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும். அணைத்த பிறகும் பல மணி நேரம் கழித்து மறுபடி பற்றலாம். எல்எஃப்பி இந்த விஷயத்தில் சாது, பற்றிக்கொள்ள அதிக வெப்பம் வேண்டும்.

ஒரு செல் போனால் முழுப் பேட்டரியையும் மாற்ற வேண்டுமா?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் எதிர்பார்ப்பேன். குறைவாகத்தான் கேட்கிறார்கள்.

பழைய வடிவமைப்பில் செல்கள் மாட்யூல் என்ற சிறு தொகுதிகளாக, மாட்யூல்கள் சேர்ந்து பேக் என்ற முழுப் பேட்டரியாக இருக்கும். திறந்து, கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றலாம். லீஃப் பேட்டரிகளைத் தனி மெக்கானிக்குகள் இப்படித்தான் வருடக்கணக்காகச் சரிசெய்துவருகிறார்கள். இப்போதைய போக்கு வேறு. எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்த மாட்யூலையே எடுத்துவிட்டு, செல்களை நேராகப் பேக்கில் அடுக்குகிறார்கள். பிஒய்டி 2020-இல் காட்டிய பிளேடு பேட்டரி இந்த வழி. டெஸ்லாவின் 4680 செல் பேக்கில் செல்களைச் சுற்றி நுரைப் பசை ஊற்றி, பேக்கையே காரின் உடம்பாக்கிவிட்டார்கள். ஓட்டுவதற்கு இறுக்கமான, உறுதியான கார். பழுதுபார்க்க வருபவருக்குத் திறக்க முடியாத பெட்டி. சின்ன மோதலில் அடித்தட்டு கொஞ்சம் நசுங்கினாலும், உள்ளே என்ன ஆனது என்று யாராலும் உத்தரவாதம் சொல்ல முடியாமல் காப்பீட்டு நிறுவனம் காரையே கழித்துக்கட்டுகிறது.

கூடவே மென்பொருள் பூட்டு. புதுப் பாகத்தைப் பொருத்தினால் போதாது, உற்பத்தியாளரின் கணினி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த உற்பத்தியாளரே கடையைக் கட்டிவிட்டால்? ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தபோது, ஓஷன் காரை வாங்கியவர்கள் உதிரிப் பாகத்துக்கும் மென்பொருள் திருத்தத்துக்கும் அல்லாடினார்கள். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

எனவே வேதியியலைப் பற்றி விவாதிக்கும் நேரத்தில் பாதியை, "இந்தப் பேக்கைத் திறந்து பழுதுபார்க்க முடியுமா, யார் செய்வார்கள்" என்று விற்பவரிடம் கேட்கச் செலவிடுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திடநிலைப் பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?

உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைக்கும் புதுவகைப் பேட்டரி அது. அதற்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். வந்தாலும் முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வரும், சாலையில் பத்து ஆண்டு ஓடிக் காட்டியிருக்காது. இன்றைய என்எம்சிக்கும் எல்எஃப்பிக்கும் அந்தச் சான்று இருக்கிறது.

பழைய மின்சார கார் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

திரையில் காட்டும் ரேஞ்சை நம்பாதீர்கள். அது கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துப் போடும் ஊகம். பேட்டரி நலம் எத்தனை சதவீதம் என்று காரின் பழுது கண்டறியும் இணைப்பில் கருவி மாட்டிப் படிக்கலாம். இப்போது தனியார் சோதனைச் சான்றிதழ்களும் கிடைக்கின்றன. எல்எஃப்பி காராக இருந்தால் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு அந்த எண்ணைப் பாருங்கள்.

வேகமான சார்ஜரில் ஒருமுறை போட்டுப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பேட்டரி கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு போடுங்கள். வேகம் உற்பத்தியாளர் சொன்னதற்கு அருகில்கூட வரவில்லை என்றால், சார்ஜரைக் குறை சொல்வதற்கு முன் இன்னொரு சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் குளிரூட்டலிலோ செல்களிலோ ஏதோ இருக்கிறது.

வண்டியின் அடையாள எண்ணை வைத்து ரீகால் வேலைகள் முடிந்தனவா என்று சரிபாருங்கள். பேட்டரி மாற்றிய போல்ட் மாதிரிக் கார் என்றால் அது குறை இல்லை, அதிர்ஷ்டம்: வயதான காரில் இளம் பேட்டரி. காரைத் தூக்கி அடித்தட்டில் பள்ளம், கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்பக்க ஓரம் தேய்ந்திருக்கிறதா, சஸ்பென்ஷன் மூட்டுகள் ஆடுகின்றனவா, டிஸ்க் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். 12 வோல்ட் பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். நாலைந்து வருடம் ஆகியிருந்தால் விலையில் அதைக் கழித்துக்கொண்டு, வாங்கிய வாரமே புதிதாக ஒன்றைப் போட்டுவிடுங்கள்.